பாஸே என்ற நாய் குறித்து நான் இரண்டாம் முறை சொல்வது

பெயர் தூரி ஹோவ்லாண்ட். வயது 57. தொழில், மீன் பதப்படுத்தும் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வை. முகவரி, கதவு எண் 9, நௌஸ்ட் சாலை, ஸ்டூர்விக், நார்வே. கணவர் உயிரோடு இருக்கிறார், ஸ்பெயினில். ஒரு குளிர்காலத்துக்கு வெயில் காயப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் "தனியாக வசிப்பவர்" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், எனக்கு அது வேண்டாம்.

இந்த வாக்குமூலத்தை யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து அதிகாரி மரித் லீ முன்னிலையில் கொடுக்கிறேன். சென்ற வாரம் இதே அதிகாரியிடம் இதே மேஜையில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தேன். அதில், என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்வெர்ரே துவெய்த், வயது 63, என்பவருடைய பாஸே என்ற நாய் என் நாயை எந்தக் காரணமும் இல்லாமல் கடித்துக் கொன்றது என்றும், அதை உயிரோடு விடக் கூடாது என்றும் கூறியிருந்தேன். பாஸேயை ஊசி போட்டுக் கொல்வதா விடுவதா என்று காவல்துறை வரும் வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப் போவதாக அறிகிறேன். அந்த முடிவை என் முதல் வாக்குமூலத்தை வைத்து எடுக்கக் கூடாது. அதில் ஒரு பொய் இருக்கிறது. சொல்லாமல் விட்டவை அதைவிட அதிகம்.

என் நாயின் பெயர் மூல்தெ. மஞ்சள் நிறம், சின்ன உடம்பு, வயதானவள், இடது கண்ணில் பார்வை கிடையாது. நல்ல குணம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை சொல்ல வந்திருக்கிறேன், அவளுக்கும் என்னைப் போலவே பொறுமை கிடையாது. தினமும் மாலை ஆலையிலிருந்து வந்ததும் அவளை வாரில் பிடித்துக்கொண்டு நடக்கப் போவேன். நௌஸ்ட் சாலையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீடுகள், அதற்கு மேலே செங்குத்துப் பாறை. என் வீடு கடைசி வீடு. எங்கே போவதென்றாலும் ஸ்வெர்ரேயின் முற்றத்தையும் அதை அடுத்து வரிசையாக நிற்கும் தபால் பெட்டிகளையும் கடந்துதான் போக வேண்டும்.

ஸ்வெர்ரே துவெய்த் என்பவரைப் பற்றி என்னிடம் எந்தக் குறையும் இல்லை. என் கணவர் ஸ்பெயினுக்குப் போன குளிர்காலம் முதல், பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும் நான் எழுவதற்கு முன்பே தன் டிராக்டரில் என் வாசல் வரை பனியை வழித்துவிட்டுப் போய்விடுவார். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கட் சுட்டு அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வருவேன். டப்பா ஜனவரியில் காலியாக என் படிக்குத் திரும்பி வந்துவிடும். வழியில் பார்த்தால் அவர் ஒரு விரலைத் தூக்குவார், நான் தலையை ஆட்டுவேன். எங்கள் சாலையில் அதுவே பெரிய உரையாடல்.

இந்த வசந்தகாலத்தில் அவருடைய பழைய நாய் செத்துப்போனது. அதன் பிறகு மலைப்பக்கத்தில் யாரோ மான் வேட்டைக்கு வளர்த்து, வேட்டைக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிட்ட சாம்பல் நிற நாய் ஒன்றை அவர் வாங்கி வந்தார். அதுதான் பாஸே. வந்த வாரத்திலேயே ஒரு மாலை நானும் மூல்தெயும் போகும்போது, முற்றத்திலிருந்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு, உறுமிக்கொண்டு, எங்களை நோக்கி ஓடி வந்தான். மூல்தெ என் கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டாள். ஸ்வெர்ரே விறகு அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே "ஒண்ணும் பண்ண மாட்டான், விளையாடத்தான் வர்றான்!" என்று கத்தினார். ஊரில் நாய் வைத்திருக்கும் அத்தனை பேரும் இதைத்தான் கத்துகிறார்கள். எந்த நாயும் இதைக் காதில் போட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் இருபது வரை எந்த நாயையும் அவிழ்த்து விடக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஸ்வெர்ரேக்கும் தெரியும். பகலெல்லாம் கட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் நான் நடக்கப் போகும் அந்த மாலை நேரத்தில் மட்டும் பாஸே எப்படியோ அவிழ்ந்திருப்பான். என்னடா இது, சொல்லி வைத்தது மாதிரி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அது ஏன் என்று இப்போது தெரியும், பின்னால் சொல்கிறேன்.

ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் வென்கேயிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "ரெண்டடி நடந்து போயி கதவத் தட்டி, 'யோவ், நாயக் கட்டு'ன்னு சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு? நாக்கு தேஞ்சா போயிரும்?" என்றாள். வருஷமெல்லாம் எனக்குப் பனி வழிக்கிற மனுஷனிடம் போய் அப்படி எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அப்ப கடி வாங்கு, போ" என்றாள். அவளே பிறகு என்னை நாய்ப் பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போனாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர், அவிழ்ந்த நாய் பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, நம் நாயை மேலே தூக்கக் கூடாது, தின்பண்டம் ஒரு கை அள்ளி அதன் முன் எறிந்துவிட்டு அது பொறுக்கும் நேரத்தில் நடையைக் கட்ட வேண்டும் என்றார். அதன் பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். இது வழியில் எதிர்ப்படும் தெரியாத நாய்க்கு ஒரு தடவை செய்வது, தினமும் வரும் நாய் என்றால் அதன் சொந்தக்காரரிடம்தான் பேச வேண்டும் என்றார். அதையும் என் இரண்டு காதாலும் கேட்டேன். முதலில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து இறைச்சி சாசேஜை வாங்கிச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, என் நீல மழைக்கோட்டின் வலது பையில் போட்டுக்கொண்டு போனேன். பாஸே ஓடி வந்தான், எறிந்தேன், அவன் பொறுக்கினான், நாங்கள் கடந்து போனோம். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. யாரிடமும் எதுவும் பேசாமல் காரியம் முடிந்துவிட்டதே என்று. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கோடை முழுவதும் அப்படியே.

நாளடைவில் அவன் உறுமுவது நின்றுவிட்டது. ஆனால் ஓடி வரும் வேகம் கூடியது. தபால் பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று, பிறகு தானாகவே உட்கார ஆரம்பித்தான். நான் கையைப் பையில் விட்டதும் வாலால் சரளைக்கல்லைப் பெருக்குவான். துண்டுகள் தீர்ந்ததும் நான் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி "தீந்துச்சு, போ" என்பேன். அவன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, எழுந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான். ஒரு நாள்கூட அதற்கு மேல் அடம் பிடித்ததில்லை. பல நாள் மூல்தெயின் வாய்க்குப் போவதைவிட அவன் வாய்க்கு அதிகம் போனது. மூல்தெக்கு அது பொறுக்காது. என் காலடியில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

இதையெல்லாம் நான் பாஸேக்குப் பழக்கிக் கொடுக்கிறேன் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நான் அவனைச் சமாளிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் சாசேஜ் பாக்கெட்டை எடுக்கும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டேதான் எடுத்தேன்.

சம்பவ நாள் ஞாயிற்றுக்கிழமை, மழை. சனிக்கிழமை ஆலையில் வேலை நீண்டுவிட்டதால் கடைக்குப் போக முடியவில்லை. குளிர்பெட்டியில் மிச்சமிருந்த சாசேஜை மத்தியானம் உருளைக்கிழங்கோடு நானே சாப்பிட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. அன்று நடக்கப் போகாமல் இருந்திருக்கலாம். மூல்தெயை வீட்டுப் பின்புறம் விட்டிருக்கலாம். மழைதானே, அவன் வெளியே வர மாட்டான் என்று நினைத்து, ஒரு கையில் வாரும் மறு கையில் குடையுமாகக் கிளம்பினேன்.

அவன் வந்தான். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். முதுகிலிருந்து மழை வழிந்துகொண்டிருந்தது. நான் "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, போ" என்றேன். அவன் போகவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்பதை அவன் என்றைக்கும் கவனித்ததில்லை, அவன் பார்த்தது என் கைகளைத்தான், அன்று என் இரண்டு கைகளிலும் ஏதோ இருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் வலது பையில் மூக்கை வைத்து முட்டினான். அவ்வளவு பக்கத்தில் அவன் வந்தது அதுவே முதல் தடவை. அவ்வமயம் கீழே நின்ற மூல்தெ எம்பி அவன் காதைக் கவ்வினாள். முதலில் கடித்தது மூல்தெ. இதை என் முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் விரித்த குடையை அப்படியே அவன் முகத்தில் குத்தினேன். அவன் வீல் என்று கத்தினான். அதே நேரத்தில் மூல்தெயை வாரோடு மேலே தூக்கினேன், கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவதுபோல. தூக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அவன் முகத்துக்கு நேராக அவள் தொங்கினாள், கால்களை உதைத்துக்கொண்டு. அவன் கவ்வி, ஒரே ஒரு தடவை உலுக்கினான். பிறகு விட்டுவிட்டான். விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் குடை வளையும் வரை அவனை அடித்தேன், அவன் திரும்பிக் கடிக்கவில்லை.

ஸ்வெர்ரே வெறும் காலுறையோடு மழையில் ஓடி வந்தார். பாஸேயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப்போய் விறகுக் கொட்டகையில் அடைத்துவிட்டு வந்தார். நான் அவரைக் கொலைகாரப் பாவி என்றேன், இன்னும் பலவும் சொன்னேன், அவற்றை எழுத வேண்டாம். அவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் மூல்தெயை நீலக் கோட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

கால்நடை மருத்துவர் அக்கரையில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கார் ஏற்றும் படகுப் போக்குவரத்து குறைவு, துறையில் காத்திருக்க வேண்டியிருந்தது. கார் கண்ணாடியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவருடைய ஈரக் காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியது. படகு பாதி தூரம் போனபோது மூல்தெயின் மூச்சு நின்றுவிட்டது. மடியில் கனம் மாறியதை வைத்துத் தெரிந்துகொண்டேன். நான் அவரிடம் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கியதும் அவர் வளைவுகளில் அவ்வளவு வேகமாக ஓட்டினார், ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை ஆடாமல் கையால் தாங்கிக்கொண்டே போனேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அப்படி ஓட்டியிருக்க வேண்டாம். மருத்துவர்தான் அவரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் என் வேலியோரம் ஒரு மண்வெட்டி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அது ஸ்வெர்ரேயின் மண்வெட்டி. குழி வெட்டித் தர வந்திருக்கிறார், கேட்காமல் வெட்டுவது எப்படி என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதைத் தொடவில்லை. என்னுடைய துருப்பிடித்த மண்வெட்டியால் நானே வெட்டினேன். அதன் பிறகு நேராக இங்கே வந்து முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன்.

அன்று அதிகாரி மரித் லீ என்னிடம், "அந்த நாய்க்கு நீங்க எப்பவாச்சும் சாப்பிட ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன். அதுதான் பொய். கேட்ட உடனே சொல்லிவிட்டேன், யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில், எறிவது வேறு, போடுவது வேறு, தற்காப்புக்காக எறிந்ததை எப்படிச் சாப்பாடு போட்டேன் என்பது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்த வாதம் அன்று சாயங்காலம் வரைதான் தாங்கியது.

ஏனென்றால் அன்று சாயங்காலம் இரண்டு காவலர்கள் பாஸேயைப் பறிமுதல் செய்ய வந்தார்கள். நான் தபால் எடுக்கக் கிளம்பி என் வாசலில் நின்றிருந்தேன். கழுவிக் காயப்போட்ட அதே நீலக் கோட்டுதான் போட்டிருந்தேன், குளிருக்கு வலது கை பையில் இருந்தது. பாஸேக்கு வாய்ப்பூட்டுப் போட்டு வண்டிக்குக் கொண்டுபோகும்போது அவன் என்னைப் பார்த்தான். காவலர் சரளையில் சறுக்கும்படி இழுத்துக்கொண்டு என் வாயிற்கதவு வரை ஓடி வந்தான். ஒரு காவலர், "பாத்தியா, மறுபடியும் பாயுறான்!" என்று கத்தினார். ஆனால் அவன் பாயவில்லை. என் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். வாய்ப்பூட்டோடு உட்கார்ந்து, என் வலது பையைப் பார்த்துக்கொண்டு, வாலால் சரளையைப் பெருக்கினான். நான் மூல்தெயைப் புதைத்து ஒரு பகல்கூட முழுதாக ஆகவில்லை. எனக்கு அவனைக் கல்லால் அடிக்க வேண்டும்போல் இருந்தது, அவன் எனக்காக உட்கார்ந்திருந்தான். அவர்கள் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். "புகார் கொடுத்தவரைக் கண்டதும் மீண்டும் தாக்க முயன்றது" என்று பதிவாகியிருப்பதாக அறிகிறேன். அது தவறு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

அதன் பிறகு நேற்று முன்தினம் ஸ்வெர்ரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். இத்தனை வருடத்தில் அவர் என் கதவைத் தட்டியது அதுவே முதல் முறை. கையில் என்னுடைய கிறிஸ்துமஸ் டப்பா. உள்ளே மூல்தெயின் கழுத்துப்பட்டை, கழுவித் துடைத்து வைத்திருந்தது.

"தபால் பெட்டிக்குக் கீழ கெடந்துச்சு. ஒன்னோடது" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவர் படியிலேயே நின்றார். "மன்னிப்புக் கேக்க வரல, தூரி. கேட்டா நீ சரி பரவால்லன்னு சொல்லியாகணும். பரவால்லன்னு சொல்ற மாதிரியா நடந்துருக்கு" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோடை பூரா அவன அவ்வளவு ஆசையா வச்சிருந்தியே, அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்றார்.

"ஆசையாவா? யாரு?" என்றேன்.

"ஜன்னல்ல பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நீ வர்ற சத்தம் கேட்டா ஒரு நிமிசம் இருப்புக்கொள்ளாது அவனுக்கு. நீ பையில கைய விடுவ, அவன் உக்காருவான், நீ குடுப்ப. வாய நக்கிக்கிட்டே திரும்பி வருவான். ஒன் வீட்டுக்காரரும் போயிட்டாரு, தனியா இருக்குற, அவன்கூட ஒரு சினேகம் ஆயிருச்சுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான அந்த நேரம் பாத்து நானே அவுத்து விட்டேன்."

"அட மனுஷா, பயந்து எறிஞ்சேன்யா! எங்கள விட்டுத் தொலையட்டும்னு எறிஞ்சேன்! தெனமும் உசுரக் கையில புடிச்சிக்கிட்டுல்ல ஒன் வீட்டக் கடந்து போனேன்!" என்று கத்தினேன்.

அவர் தொப்பியின் விளிம்பைக் கையில் சுற்றினார். பிறகு, "அதச் சொல்லியிருக்கலாமே, தூரி" என்றார்.

"நீ கேட்டிருக்கலாமே."

"நீ சந்தோசமா இருக்கன்னு நெனச்சேன். அதப் போயி யாரு கேப்பா?"

அவர் படியிறங்கும்போது, "நீ தீனி போட்ட விசயத்த போலீஸ்ல நான் வாயத் தொறக்கல. சொன்னா, தப்ப ஒன் தலையில கட்டுற மாதிரி ஆயிரும். ஏற்கெனவே ஒன் நாயப் பறிகுடுத்துட்டு நிக்கிற" என்றார். டிராக்டர் ஓட்டும்போது செய்வதுபோல ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். பாஸே உயிர் தப்ப அவர் சொல்லக்கூடியது அது ஒன்றுதான், அதை எனக்காக விழுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

அதனால் வந்திருக்கிறேன். இதைச் சொன்னபோது அதிகாரி, "முதல்ல சொன்னது பொய்னு இப்ப நீங்களே சொல்றீங்க. உங்க மேலயும் நடவடிக்கை வரலாம், தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும், வரட்டும் என்றேன். பாஸே ஆபத்தில்லாத நாய் என்று எழுதலாமா என்றும் கேட்டார். அப்படி எழுத வேண்டாம். அவன் வந்த புதிதில் உறுமிக்கொண்டுதான் வந்தான், அது உண்மை. என் மூல்தெயைக் கொன்றவன் அவன், அதுவும் உண்மை. அவனைப் பார்த்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் நூறு வருடம் வாழ வேண்டும் என்று கேட்டு நான் வரவில்லை. கோடை முழுவதும் அவனை ஓடி வரப் பழக்கியது நான், ஓடி வந்தவன் முகத்தில் குடையைக் குத்தியது நான், முதலில் கடித்தது என் நாய். அவன் செய்ததற்கு அவனுக்கு என்ன உண்டோ அது ஆகட்டும். நான் செய்ததற்கு அவன் சாகக் கூடாது.

அவனை உயிரோடு விடுவதானால், ஸ்வெர்ரே அவனை எந்நேரமும் கட்டியே பிடித்து நடத்த வேண்டும் என்று எழுதிக்கொள்ளவும். கட்டவில்லை என்றால் நான் கதவைத் தட்டிச் சொல்வேன். நான் தட்டுவதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அதெல்லாம் காவல்துறையின் வேலை இல்லை என்றார் அதிகாரி. சரி என்றேன்.

நான் சொன்னபடியே மேலே எழுதப்பட்டுள்ளது. அதிகாரி முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார், நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. இந்த முறை எதையும் விடவில்லை.

வாசித்துக் காட்டிய பிறகு, கையொப்பத்துக்கு முன்னால், கீழ்க்கண்டதை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பாஸேயை இப்போது வைத்திருக்கும் நாய்க் காப்பகத்துக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைத் தெரிவிக்கவும். அங்கே யாராவது பையில் கையை விட்டால் அவன் வேகமாக ஓடி வருவான். அடிக்க வேண்டாம், அவன் வந்து உட்காருவான். பையில் ஒன்றும் இல்லையென்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டவும். பார்த்துவிட்டுப் போய்விடுவான். நான் அன்று குடையைக் கீழே போடவில்லை.

ஒப்பம்: தூரி ஹோவ்லாண்ட்
என் முன்னிலையில்: மரித் லீ, காவல் அதிகாரி, ஸ்டூர்விக்